வல்லாரை டியூப்பும் அம்மாவின் தண்ணீர்க் கணக்கும்

நான் வேலை செய்வது ஒரு பாமசியில். இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலை டவுனில் பதினொரு வருடமாக ஒரே கவுண்டரில் நிற்கிறேன். அதனால்தான் இந்தக் கதையை வெளியே சொல்ல இத்தனை நாள் கூச்சமாக இருந்தது. "மருந்துக் கடையில நிக்கிறவளுக்கே இந்த நெலமையா?" என்று கேட்பார்கள். கேட்கவும் கேட்டார்கள்.

தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு ஃபேன்சிக் கடையில் முகம் வெளுக்கும் கிரீம் வாங்கினேன். சின்ன டப்பா. மூடியில் ஒரு பெண்ணின் முகம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எங்கேயும் இல்லை. வேறு யாராவது அப்படி ஒரு டப்பாவை எங்கள் கவுண்டருக்குக் கொண்டுவந்திருந்தால் நானே திட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் தங்கச்சி அம்மாயி நிறம், நான் அப்பா நிறம். கல்யாணப் போட்டோவில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். வேறு காரணமெல்லாம் இல்லை.

பத்தே நாளில் முகம் பளபளத்தது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் கேட்டார்கள், நானும் பெருமையாகச் சிரித்து வைத்தேன். கல்யாணம் முடிந்தது, டப்பாவும் முடிந்தது. அடுத்த கிழமை தொடங்கியது வினை. கன்னம் இரண்டும் சிவந்து, பொடிப்பொடியாகப் பரு கிளம்பி, வெந்நீர் பட்டது போல எரிச்சல். அடுப்படிக்குப் போனால் எரியும். வெயிலில் நாலு எட்டு நடந்தால் எரியும். கொழுந்து பறிக்கிற அம்மா தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்து கூடையைக்கூட இறக்காமல் பார்த்துவிட்டு, "என்னாடி, மொகம் சுட்ட கெழங்கு மாதிரி ஆகிப்போச்சு?" என்றார்.

தோல் கிளினிக்கில் டொக்டர் என் முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. காலி டப்பாவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரி டப்பாக்களில் இரண்டு வில்லன்கள் இருக்கலாம். ஒன்று வீரியமான ஸ்டீரோய்ட்: பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் வகை. சிரங்குக்கும் தடிப்புக்கும் நாங்களே சீட்டுப் பார்த்து விற்கிற மருந்துகள்தான். குளோபெட்டசோலைப் பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து பூசக்கூடாது, முகத்தில் பூசவே கூடாது என்பது எனக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் சிவப்பை அடக்கி நிறத்தையும் குறைத்துக் காட்டும். அதே நேரத்தில் தோலை வெங்காயச் சருகு மாதிரி மெலிதாக்கிக்கொண்டே வரும். நிறுத்திய அன்று எல்லாம் சேர்ந்து திருப்பி அடிக்கும். இரண்டாவது வில்லன் பாதரசம். அது தோலோடு நிற்காது, உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தின்னும். 2013இல் பல நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா ஒப்பந்தம் ஒரு கிலோ கிரீமுக்கு ஒரு மில்லிகிராம் என்று அதற்கு எல்லை வைத்தது. அதற்குப் பிறகும் எல்லையை மீறிய டப்பாக்கள் பல நாடுகளில் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

என்னுடையது முதல் வில்லன் என்றார் டொக்டர். அந்தச் சிவப்பின் தோரணையே சொல்கிறதாம். வாசனை இல்லாத சாதாரண ஈரப்பத கிரீம், நுரைக்காத ஃபேஸ்வாஷ், வெளியே போனால் குடையும் சன் கிரீமும். மூன்று நாலு மாதம் எடுக்கும், வேறு எதையும் பூசாதே என்றார்.

சும்மா இரு என்று சொன்னால் யாரால் இருக்க முடிகிறது?

எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு பீலி இருக்கிறது. மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் வழியாக விழுந்த காலத்தில் வைத்த பெயர். இப்போது பிளாஸ்டிக் குழாய், ஆனாலும் பீலிதான். அந்தப் பீலிக்கரையில் துவைகல்லைச் சுற்றி எப்போதும் ஈரம். அங்கேதான் வல்லாரை தரையோடு தரையாக ஓடிக் கிடக்கும். கொடி ஓட ஓட ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு ஒரு கொத்து இலை. இலை ஒருபக்கம் வெட்டு விழுந்த வட்டம், ஓரமெல்லாம் பல்பல்லாக. சிங்களத்தில் கொட்டுகொல என்பார்கள், தமிழ் வீடுகளிலும் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வோம். சின்ன வயதில் அதன் மேலேயே நின்று குளித்திருக்கிறோம். அட்டை கடித்து அரிப்பு நிற்காவிட்டால் அம்மாயி நாலு இலையைக் கசக்கி அந்த இடத்தில் வைத்து அழுத்துவார். "வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே" என்பதைப் பரீட்சை நாளில்தான் சொல்வார். ஞாபகசக்திக்காம். எனக்குக் கணக்கில் அது வேலை செய்யவில்லை, சாட்சி நானே.

ஆகவே டொக்டர் சொன்ன இரண்டாவது நாளே பீலிக்கரைக்குப் போய் ஒரு கை வல்லாரை பறித்து வந்தேன். கழுவினேன். அம்மியில் வைத்து நன்றாக மை போல அரைத்தேன். முகம் முழுக்க அப்பிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன்.

அன்று காலையில் அம்மா அதே அம்மியில் கொச்சிக்காய்ச் சம்பல் அரைத்திருந்தார்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பீலிக்கு ஓடியது ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு தனிக் கதை. அப்புறம் ஒன்று சொன்னார்: அம்மி காரமில்லாமல் இருந்திருந்தாலும் அது நல்ல யோசனை இல்லை. பீலிக்கரை இலையில் மண், மண்ணில் கிருமி, என் முகத்திலோ காவலுக்குத் தோலே சரியாக இல்லை. ஆரோக்கியமான கையில் அட்டைக்கடிக்குக் கசக்கி வைப்பதும் தோல் உரிந்த முகத்தில் அப்புவதும் ஒன்றா?

"அந்த இலையே வேணும்னா சுத்தமா எடுத்த சாறு சேர்ந்த கிரீமே இருக்கு. முகம் கொஞ்சம் ஆறினதுக்கு அப்புறம் பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, கொழும்பில் வேலை செய்யும் சிநேகிதி மூலமாக ஒரு கொரியன் டியூப் வந்து சேர்ந்தது. 50 மில்லிலீட்டர், 4,800 ரூபாய். அந்தச் சமயம், 2024 செப்டம்பரில், தோட்டத்துக்கு அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அம்மா மலையில் மூன்றரை நாள் நின்றால் ஒரு டியூப். விலையை அம்மாவிடம் 800 என்றுதான் சொன்னேன்.

டியூப் பெட்டியில் ஒரு புலி படம். வல்லாரைக்குக் கொரியாவில் புலிப்புல் என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. காயம்பட்ட புலி இந்தச் செடியின் மேல் புரண்டு ஆற்றிக்கொள்ளும் என்ற கதையை வைத்துத்தான் விற்கிறார்கள். எங்கள் நாட்டுக் காட்டில் புலி கிடையாது, சிறுத்தைதான். அது தேயிலைக்குள் படுத்திருந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். வல்லாரையில் புரண்டதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

இனிப் பட்டியலுக்கு வருவோம், என் தொழிலே அதுதானே. சென்டெல்லா ஏசியாட்டிகா என்று போட்டிருந்தால் அது வல்லாரை. 1753இல் லின்னேயஸ் வேறொரு இனப்பெயரில் சேர்த்து வைத்திருந்தார், சென்டெல்லா என்பது பிறகு வந்தது. கொத்தமல்லிக் குடும்பம். நுவரெலியா கரட்டுக்கும் உறவுக்காரன். இலைக்குள் வேலை செய்கிறவர்கள் முக்கியமாக நாலு பேர்: ஏசியாட்டிகோசைட், மேடகாசோசைட், ஏசியாட்டிக் அசிட், மேடகாசிக் அசிட். முதல் இரண்டும் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும் வடிவம், மற்ற இரண்டும் அந்தச் சர்க்கரை கழன்ற வடிவம். 1941இலேயே ஏசியாட்டிகோசைட்டைத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். மேடகாசோசைட் என்ற பெயருக்குள்ளேயே மடகஸ்கார் தீவு ஒளிந்திருக்கிறது. அங்கே விளைந்த வல்லாரையை வைத்து பிரெஞ்சுக்காரர்கள் காயத்துக்கு மருந்து செய்தார்கள். கொரியாக்காரர்கள் பிறகுதான் வந்தார்கள்.

இவை தோலில் என்ன செய்கின்றன? ஆய்வுகூடத்தில் பார்த்தால் சிவப்பையும் எரிச்சலையும் கிளப்பிவிடுகிற சமிக்ஞைகளைத் தணிக்கின்றன, தோலுக்குள் கொலாஜன் என்ற புரத நூலை நெய்யும் செல்களைக் கொஞ்சம் முடுக்கிவிடுகின்றன. மனிதர்களிடம் செய்த பரிசோதனைகளும் உண்டு, ஆனால் பெரும்பாலும் சின்னக் கூட்டத்தில். நிறத்தை வெளுக்க வைக்கும் சரக்கு இது இல்லை. இதை நான் தடித்த எழுத்தில் போட ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கவுண்டருக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் கேட்பது அதைத்தான்.

பெட்டியின் முன்பக்கம் பெரிதாக "70% சென்டெல்லா சாறு". அன்று சாயந்தரம் அம்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதை விளக்கப் போய்த்தான் எனக்கே சரியாகப் புரிந்தது. காய்ந்த இலையைத் தண்ணீரிலோ அற்ககோலிலோ ஊறவைத்து இறக்கிய திரவத்தைத்தான் சாறு என்கிறார்கள். அந்தத் திரவத்தில் பெரும்பங்கு தண்ணீராக இருக்கலாம். ஆக 70 சதவீதம் சாறு என்றால் 70 சதவீதம் இலை என்று அர்த்தம் இல்லை. உள்ளே எத்தனை துளி சரக்கு இருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப இதுல முக்காவாசி தண்ணியா?"

"ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும்."

"மழையில நனைஞ்ச கொழுந்துன்னு எனக்கு ரெண்டு கிலோ தண்ணிக்குக் கழிக்கிறாங்க. இவன் தண்ணிய நிறுத்து காசு வாங்குறானா?"

என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடமாக நிறுக்கிற இடத்தில் நின்று, தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் அவர். கூடை பாரத்துக்கு, சாக்கு பாரத்துக்கு, ஈரத்துக்கு என்று கழித்துக் கழித்துத்தான் அவர் பெயருக்கு நேரே எண் விழும். ஒரு கிலோ தேயிலைத் தூள் ஆக கிட்டத்தட்ட நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கணக்கும் அவருக்குத் தெரியும். தண்ணீர் எங்கே போகிறது, யார் தலையில் போகிறது என்பதை அவரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனேன், பதினாலாவது இடத்தில் கமீலியா சினென்சிஸ் இலைச் சாறு. தேயிலை! அம்மாவின் விரலில் கறுத்துப் படிந்திருக்கும் அதே கறை. பச்சைக் கொழுந்தின் சாறு காற்றில் பட்டுக் கறுப்பதால் வரும் கறை அது. ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபாக்டரியில், கொழுந்து தூளாகும்போது நிறம் மாறுவதும் அதே மாற்றத்தால்தான். ஆக ஒரே டியூப்பில், நாங்கள் கூலிக்குப் பறிக்கும் இலை ஒன்று, மிதித்துக்கொண்டு நடக்கும் இலை ஒன்று. அம்மாவிடம் சொன்னேன். "அதையும் தண்ணிக்குக் கழிச்சிட்டுத்தான் போட்டிருப்பான்" என்றுவிட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்து போனார்.

பட்டியல் படிக்க நான் கையாளும் ஒரு வழியைச் சொல்கிறேன். ஒழுங்காக அச்சிட்ட பட்டியலில் அதிகமாக இருப்பது முதலில் வரும், ஒரு சதவீதம் வரை இறங்குவரிசை. அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். ஃபீனொக்ஸிஎதனோல் என்று ஒரு பதனப்பொருள் நிறைய கிரீம்களில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி அது ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தப் பெயருக்குப் பின்னால் உங்கள் மூலிகை நின்றால், அது ஒரு சதவீதத்துக்குள் அடங்குகிற விருந்தாளி. பெட்டியில் எவ்வளவு பெரிய இலை வரைந்திருந்தாலும் சரி. என் டியூப்பில் தேயிலை நின்றது அங்கேதான். மேடகாசோசைட் என்று தனியாக எழுதியிருந்தால் கொஞ்சம் மரியாதை தரலாம், பிரித்தெடுத்த சரக்கையே சேர்த்திருக்கிறார்கள். அதிலும் குறைந்த அளவே வேலைக்குப் போதும் என்பதால் கீழே இருப்பதை வைத்து மட்டும் மட்டமாக நினைக்க வேண்டாம். பாருங்கள், ஒரு விதி சொன்னால் உடனே ஒரு விலக்கு வருகிறது.

டியூப்பை நேராக முகத்தில் போடவில்லை. அம்மி புத்தி சொல்லித் தந்திருந்தது. முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு, மூன்று இரவு. வல்லாரைக்கே ஒவ்வாமை வருகிறவர்கள் உண்டு, அரிதாக. பெரும்பாலும் வாசனைத் திரவியம்தான் வேலையைக் காட்டும், என்னுடையதில் அது இல்லை. மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தாடையோரம், பிறகு கன்னம்.

வேலை செய்ததா என்றால், ஆமாம், எரிச்சல் குறைந்தது. பூசிய ஐந்து நிமிடத்தில் ஒரு குளிர்ச்சி, காலையில் சிவப்பு கொஞ்சம் மங்கல். ஆனால் அதற்குள் நான் அந்தப் பாழாய்ப்போன டப்பாவை விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. சாதாரண ஈரப்பத கிரீமைத் தவறாமல் பூசியிருந்தேன். குடையில்லாமல் டவுனுக்கு இறங்கவில்லை. இதில் எதற்கு எவ்வளவு பங்கு? மனச்சாட்சியோடு பிரித்தால் வல்லாரைக்கு ரூபாய்க்கு இருபது சதம் தருவேன், குடைக்கு முப்பது.

குடை என்றதும் சிரிப்பவர்களுக்கு: மலைநாட்டில் குளிர்கிறது என்பதால் வெயில் சாது என்று நினைத்துவிடுகிறோம். ஆயிரம் மீற்றர் ஏற ஏற புறஊதாக் கதிர் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. தை மாசியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக, காலையில் புல்லில் பனி உறைந்து, பகலில் காற்று தோலை உறிஞ்சும். அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் கவுண்டரில் கன்னம் வெடித்த பிள்ளைகளும் கன்னம் கறுத்துவிட்டது என்று அழும் குமரிகளும் அதிகம். கறுத்ததற்கு வெயில் காரணம். அவர்கள் தேடுவதோ அரைமுகம் கறுப்பு, அரைமுகம் வெள்ளை டப்பா.

போன மாதம் ஒரு பிள்ளை, உயர்தரம் படிக்கிறவள், பிரம்மி எண்ணெய் போத்தல் ஒன்றைக் காட்டி, "அக்கா, இதுவும் வல்லாரைதானே, மொகத்துக்குப் பூசலாமா?" என்று கேட்டாள். பிரம்மி என்ற பெயரை இந்தியாவில் சில இடங்களில் வல்லாரைக்கும் சொல்கிறார்கள், நீர்ப்பிரமி என்ற வேறொரு செடிக்கும் சொல்கிறார்கள். இலையைப் பார்த்தால் குழப்பமே இல்லை: வல்லாரை வட்டம், நீர்ப்பிரமி தடித்த சின்ன நாக்கு. போத்தலில் இலை தெரியாதே. அது தலைக்குப் பூசுகிற எண்ணெய், முகத்தில் பூசினால் பரு வரும் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது, "அக்கா ஒங்க மொகம் இப்ப நல்லா இருக்கு, என்னா போடுறீங்க?" என்றாள். குடை என்றேன். நம்பவில்லை.

சாப்பிடுகிற வல்லாரைக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் அம்மாயி கோபித்துக்கொள்வார். பீலிக்கரையில் பறித்தால் பரவாயில்லை, தேயிலை நிரைக்கு நடுவே தண்ணீர் வடியும் கானில் கிடப்பதைப் பறிக்காதீர்கள். மருந்தடித்த புல்லோடு சேர்ந்து வளர்வது அது. கிளைபொசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்பத் திறந்துவிட்டார்கள். தவிர வல்லாரை மண்ணில் இருக்கும் உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. எங்கே வளர்ந்தது என்பது முக்கியம். நான் பீலிக்கரையிலிருந்து நாலு கணுவைப் பிடுங்கி, உடைந்த தயிர்ச் சட்டியில் நல்ல மண் போட்டு வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை சம்பலுக்குக் காணும். மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், மாசித்தூள், உப்பு. தேசிக்காயைக் கடைசியில், சோற்றுக்கு உட்காரும்போதுதான் பிழிய வேண்டும், முதலே பிழிந்தால் இலை கறுத்து வாடிவிடும். அம்மி தேவையில்லை.

டியூப் விசயத்துக்கு வருகிறேன். கடைசிக் கால்வாசி இருக்கும்போது காணாமல் போனது. தேடித் தேடிப் பார்த்தால் அம்மாவின் தலையணைக்குக் கீழே. கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த ஆள்காட்டி விரலிலும், குதிகால் வெடிப்பிலும், தினமும் ராத்திரி பூசியிருக்கிறார். "எரியல, நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு டியூப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எண்ணூறு ரூவாதானே, இன்னொண்ணு வாங்கு" என்றார்.

எங்கள் கடையில் கால் வெடிப்புக்கு யூரியா கிரீம் ஒன்று இருக்கிறது, அப்போது 450 ரூபாய். குதிகாலுக்கு வல்லாரையை விட அதுதான் சரி. வாங்கிக் கொடுத்தேன். அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இதுல எந்த எலை?" என்று கேட்டார்.